நிறுத்தத் தெரியாத ரோஜா

குளிர்நாடுகளில் ஜூன் மாத ரோஜாவுக்குத்தான் பெயர் அதிகம். என்னைக் கேட்டால், ஆண்டின் மிகச் சிறந்த பூக்கள் செப்டம்பர் கடைசியில் வருபவைதான். எண்ணிக்கை குறைவு. ஆனால் நிறம் ஆழ்ந்திருக்கும். ஒவ்வொரு பூவும் செடியிலேயே பல நாள் வாடாமல் நிற்கும்.

காரணம் இரவுக் குளிர். ரோஜாவுக்குச் சிவப்பும் இளஞ்சிவப்பும் தருகிற ஆந்தோசயனின் என்ற நிறமி வெப்பத்தில் குறைவாகவே உருவாகும். உருவானதும் சீக்கிரம் சிதையும். குளிரில் நிறைய உருவாகி நிலைத்து நிற்கும். மொக்கு மெதுவாக விரிவதால் நிறமி சேர நேரமும் கிடைக்கிறது. பகலில் இலைகள் தயாரித்த சர்க்கரையில் பெரும்பங்கை வெப்பமான இரவில் செடி சுவாசத்துக்கே செலவழித்துவிடும். குளிர்ந்த இரவில் அது மிஞ்சிப் பூவுக்குப் போகிறது. 'பீஸ்' என்ற புகழ்பெற்ற மஞ்சள் ரோஜாவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நடுக்கோடையில் வெளிறிப் பூக்கும் அதே செடி, குளிர் தொட்டதும் இதழோரமெல்லாம் ரோஸ் நிறம் ஏறிய பூக்களைத் தரும்.

இந்தப் பருவத்தில் ரோஜா பூப்பதே ஒரு வகையில் வியப்புதான். ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் கோடையில் ஒருமுறை பூத்து ஓய்ந்துவிடும். இலையுதிர் காலத்தில் மறுபடி பூப்பதற்கே பெயர்பெற்ற 'ஆட்டம் டமாஸ்க்' என்ற ரகம் அரிய விதிவிலக்கு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீன ரோஜாக்கள் கப்பலேறி ஐரோப்பா வந்த பிறகுதான் நிலைமை மாறியது. பூப்பதைத் தடுக்கும் கேஎஸ்என் என்ற மரபணு ஒருமுறை பூக்கும் ரோஜாக்களில் கோடை கடந்ததும் வேலை செய்யத் தொடங்கும். செடி பூப்பதை விட்டுக் கிளை வளர்க்கப் போகும். சீன ரோஜாவில் அந்த மரபணுவுக்குள் வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்து அதை முடக்கிவிட்டது. இன்றைய தோட்ட ரோஜாக்களில் பெரும்பாலானவை அந்த முடக்கத்தின் வாரிசுகள். வெப்பம் இருக்கும்வரை தளிரும் மொக்கும் விட்டுக்கொண்டே இருக்கும்.

ஓசூர்த் தோட்டங்களுக்கு அது வரம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் போன்ற ஊரில் அதுவே ஆபத்து. அங்கே குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கும். முதிர்ந்த தண்டு அதற்குச் சில வாரங்கள் முன்பே தயாராகிறது: செல்களில் சர்க்கரை சேர்கிறது, செல் சவ்வின் கொழுப்புகள் மாறுகின்றன. பிறகு உறைபனி வந்தாலும் பனிக்கட்டி செல்களுக்கு இடையேதான் உருவாகும். உள்ளே அடர்ந்த சாறு உறையாமல் தாக்குப்பிடிக்கும். நேற்று விட்ட தளிருக்கு இந்தப் பயிற்சி இல்லை. செல்கள் நிறையத் தண்ணீர். ஒரே இரவில் கருகிப்போகும்.

ஆகவே நிறுத்தச் சொல்லும் வேலை நம்முடையது. முதல் உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே தழைச்சத்து உரத்தை நிறுத்திவிட வேண்டும். தண்ணீரை நிறுத்தக் கூடாது; வறண்ட செடி குளிரில் இன்னும் சீக்கிரம் சாகும். வாடிய பூக்களைக் கிள்ளுவதையும் விட்டுவிட வேண்டும். கோடையில் கிள்ளுவது, சத்து விதைக்குப் போகாமல் அடுத்த மொக்குக்குப் போகட்டும் என்பதற்காக. இப்போது நமக்கு வேண்டியது நேர் எதிர்: காய் பிடிக்கட்டும், செடி தளிர் விடுவதைக் குறைத்துக்கொள்ளட்டும். பழுத்துச் சிவக்கும் அந்தக் காய்கள் அழகுக்கு அழகு. வைட்டமின் சி நிறைந்தவை. இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சு கிடைக்காத பிரிட்டனில், வேலியோரக் காட்டு ரோஜாக் காய்களைப் பறித்துக் குழந்தைகளுக்குச் சிரப் காய்ச்சினார்கள்.

கவாத்து வசந்தத்துக்குத்தான். இப்போது வெட்டினால் தூங்கப்போகும் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். காற்றில் ஆடி வேரை அசைக்கும் நெடுங்கிளைகளை மட்டும் குறைக்கலாம். கரும்புள்ளி நோயின் பூஞ்சை உதிர்ந்த இலைகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் என்பதால் அவற்றைக் கூட்டி அப்புறப்படுத்துவது நல்ல பயன் தரும்.

மினசோட்டாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அக்டோபரில் செடியின் ஒரு பக்க வேரைத் தளர்த்தி, கிளைகளைக் கட்டி, முழுச் செடியையும் பக்கவாட்டில் தோண்டிய பள்ளத்தில் சாய்த்து மண் போட்டு மூடுகிறார்கள். மேலே காய்ந்த இலைகளும் பனியும் போர்த்திய மண், வெளிக்காற்றளவு குளிர்வதில்லை. மண் இளகியதும் ஏப்ரலில் செடியைத் தோண்டி நிமிர்த்தி நிறுத்துவார்கள். கிளைகளெல்லாம் பச்சையாகவே இருக்கும்.