44 வயசு தாத்தா எறிஞ்ச பந்தும் அனாதையான தசை நாரும்

2025 டிசம்பர்ல ஒரு திங்கக்கெழம காலைல எந்திரிச்சு போன பாத்தா, இண்டியானாபோலிஸ்ல இருக்குற தம்பி மகன் ஏழு வாய்ஸ் நோட் அனுப்பிருக்கான். எல்லாத்துலயும் ஒரே கேள்வி தான், "பெரியப்பா, 44 வயசுல ஒருத்தர் எப்டி பெரியப்பா குவார்ட்டர்பேக் ஆட முடியும்?"

விஷயம் இது தான். அந்த ஊர் டீம் கோல்ட்ஸோட குவார்ட்டர்பேக்குக்கு குதிகால் நரம்பு அறுந்து போச்சு (நரம்புன்னு சொல்றது நம்ம பேச்சு வழக்கு, உண்மைல அது தசைநாண், தசைய எலும்போட கட்டுற கயிறு, அத அப்புறம் சொல்றேன்). உடனே ஆள் வேணும்னு ஃபிலிப் ரிவர்ஸ கூப்ட்டாங்க. அவரு 2021 ஜனவரிலயே ரிட்டயர் ஆகி அலபாமால ஒரு ஸ்கூல் டீமுக்கு கோச்சா இருந்தவரு, பத்து புள்ளைங்களுக்கு அப்பா, தாத்தாவும் ஆயாச்சு. கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் கழிச்சு நேரா வந்து சியாட்டில் டீமுக்கு எதிரா எறங்குனாரு. 18-16ல தோத்தாங்க, ஆனா கடைசி நிமிஷம் வரைக்கும் இழுத்துட்டுப் போனாரு.

இந்த ஆட்டம் தெரியாதவங்களுக்கு அவசரமா ஒரு வரி: அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்து கைக்கு வந்ததும் யாருக்கு எறியணும்னு முடிவு பண்ணி எறியற ஆளு தான் குவார்ட்டர்பேக். கைல கெடைக்கிற நேரம் ரெண்டரை மூணு செகண்டு, அதுக்குள்ள எறியலன்னா 120, 130 கிலோ ஆளுங்க மேல வந்து விழுவானுங்க. நம்மூர்ல தோனிய வச்சு நாம பண்ற பஞ்சாயத்த அங்க இந்த ஆளுங்கள வச்சு வருஷா வருஷம் பண்றாங்க.

பையனுக்கு போன்ல சொன்னது பாதி தான், மீதிய இங்க எழுதுறேன், ஏன்னா இதுக்குள்ள எனக்கு ரொம்ப புடிச்ச ஒரு சமாச்சாரம் ஒளிஞ்சிருக்கு.

முதல்ல எறியறது கைல இல்ல. துணி தொவைக்கிற கல்லுல சலவைக்காரர் வேட்டிய அடிக்கிறத பாத்துருப்பீங்க, கால் ஊனும், இடுப்பு திரும்பும், அப்புறம் தோள், அப்புறம் முழங்கை, கடைசில துணியோட நுனி 'பளார்'னு கல்லுல விழும். குவார்ட்டர்பேக் எறியறதும் அதே வரிசை தான். தரைய உதைக்கிறதுல கெளம்புற சக்தி இடுப்பு வழியா ஏறி விரல் நுனிக்கு வரும்போது பந்து மணிக்கு 90 கிலோமீட்டர் பக்கம் கெளம்பும், சுத்திக்கிட்டே போறதால மூக்கு ஆடாம நேரா போகும். இந்த வரிசைல ஒவ்வொரு கண்ணியும் சரியான நேரத்துல இழுக்கணும், அதுவும் வெடுக்குன்னு இழுக்கணும். பலம் மட்டும் பத்தாது, பலம் வேகமா வரணும். வயசாகும்போது முதல்ல அடி வாங்குறது அந்த வேகம் தான், மூட்டை தூக்குற பலம் அதுக்கு அப்புறம் தான் கொறையும்.

ஏன் அப்டின்னு கேட்டா தசைல ரெண்டு வகை நார் இருக்கு, மெதுவா இழுத்து சீக்கிரம் களைக்காத நார், வேகமா இழுத்து சீக்கிரம் களைச்சுப் போற நார், இது பத்தாவது புத்தகத்துலயோ எங்கயோ படிச்சிருப்பீங்க. வயசானா வேக நார் சுருங்குது, எண்ணிக்கையும் கொறையுது. சரி, ஏன் வேக நாருக்கு மட்டும் இந்த கதி? இங்க தான் நான் சொன்ன சமாச்சாரம் வருது.

தசை நாருக்கு தனியா புத்தி கெடையாது. முதுகுத்தண்டுல இருக்குற ஒரு மோட்டார் நியூரான்ல (தசைக்கு உத்தரவு அனுப்புற நரம்பு செல்) இருந்து ஒரு கம்பி கெளம்பி, தசைக்குள்ள போயி கிளை கிளையா பிரிஞ்சு, பல நார்கள்ல போய் ஒட்டும். கண்ண அசைக்கிற தசைன்னா ஒரு நியூரானுக்கு பத்து சொச்சம் நார், கெண்டைக்கால் மாதிரி பெரிய தசைன்னா ஆயிரத்துக்கு மேல. ஈபி டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி நெனச்சுக்கோங்க, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதுல இருந்து ஒரு தெருவுக்கு கனெக்‌ஷன். ஆனா உடம்புல ஒரு வேடிக்கை, பக்கத்து பக்கத்து வீட்டுக்கு வேற வேற டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து லைன் வரும். இளவயசு தசைய குறுக்கால வெட்டி சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா கருப்பும் வெளுப்புமா, அரிசியையும் கருப்பு உளுந்தையும் கலந்து கொட்டுன மாதிரி இருக்கும்.

வயசாக ஆக சில மோட்டார் நியூரான் செத்துப் போகும், பெரும்பாலும் பெருசா இருக்குற வேக நியூரான்கள் தான் முதல்ல. 40லயே எல்லாம் சாயுறதில்ல, மெதுவா ஆரம்பிச்சு 60 தாண்டினப்புறம் தான் நல்லா தெரியும். நியூரான் செத்துட்டா அதோட நாரெல்லாம் அனாதை, கரெண்ட் இல்லாத வீடு. அப்டியே விட்டா அழிஞ்சுடும். அப்ப பக்கத்துல இருக்குற இன்னொரு நியூரானோட கம்பி, தானா ஒரு முளை விட்டு நீண்டு வந்து அந்த அனாதை நார புடிச்சுக்கும்! யாரும் சொல்லித் தரல, மூளைக்குத் தெரியவும் தெரியாது. லைன்மேன் பக்கத்து தெரு டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வயர் இழுத்து விடுவாரே, அதே வேலைய உடம்பு ஓசைப்படாம பண்ணிடுது. இத முதல் தடவ படிச்சப்ப ராத்திரி பதினோரு மணி, பொண்டாட்டிய எழுப்பி சொன்னேன், வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஆனா தத்தெடுத்த வீட்டு பழக்கம் தான புள்ளைக்கு வரும். வேக நார ஒரு மெது நியூரான் தத்தெடுத்தா அந்த நாரே நாளாவட்டத்துல மெது நாரா மாறிடும். இத கண்டுபுடிச்ச பரிசோதனை 1960ல வெளியாச்சு. ஆஸ்திரேலியால கான்பெரால புல்லர், ஜான் எக்கிள்ஸ், அவரோட மக ரோசமண்ட் எக்கிள்ஸ் மூணு பேரும் பூனையோட பின்னங்கால்ல வேக தசைக்குப் போற நரம்பையும் மெது தசைக்குப் போற நரம்பையும் வெட்டி, மாத்தி ஒட்டுனாங்க. கொஞ்ச மாசத்துல வேக தசை மெதுவாயிடுச்சு, மெது தசை வேகமாயிடுச்சு. அதாவது தசையோட குணத்த முடிவு பண்றதுல நரம்புக்கு அவ்ளோ பெரிய கை இருக்கு. அந்த எக்கிள்ஸுக்கு நரம்பு பத்தின வேற வேலைக்காக 1963ல நோபல் கெடைச்சுது. பூனைக்கால்ல நரம்ப மாத்தி ஒட்டுனா நாட்டுக்கு என்ன லாபம்னு அன்னைக்கு யாராவது ஃபைல மடக்கிருந்தா இன்னைக்கு நமக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. நம்ம ஊர்ல ஆராய்ச்சிக்கு காசு கேட்டுப் போற பசங்க முதல்ல சந்திக்கிற கேள்வியே இதால என்ன பயன்ங்குறது தான், அந்தக் கேள்விய கேக்குறவங்க மேல எனக்கு தீராத கடுப்பு உண்டு, சரி விடுங்க.

இப்ப வயசான தசைய வெட்டிப் பாத்தா அரிசி ஒரு பக்கம் குமிஞ்சு கெடக்கும், உளுந்து ஒரு பக்கம் குமிஞ்சு கெடக்கும், ஏன்னா ஒரே நியூரான் பக்கத்துல இருந்த அனாதைங்கள எல்லாம் வளைச்சுப் போட்டுருச்சு. இதுல இன்னொரு நஷ்டமும் இருக்கு. முன்னாடி பத்து நியூரான் பிரிச்சு பாத்த வேலைய இப்ப ஏழு பாக்குது, அதனால பலத்த கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி எறக்குற நயம் போகுது, வழுக்கிட்டே போற ஃபேன் ரெகுலேட்டர கழட்டிட்டு அஞ்சு கட்டை ரெகுலேட்டர் மாட்டுன மாதிரி.

இந்த தத்தெடுப்புக்கு ஒரு அளவும் இருக்கு. போலியோ வந்து பொழைச்சவங்கள பாத்து தான் இது நல்லா புரிஞ்சுது, பாதி நியூரான் போனாலும் மீதி இருக்குறது தத்தெடுத்து சமாளிச்சிடும், பலம் கொறஞ்சதே வெளிய தெரியாது. ஆனா பல பத்து வருஷம் கழிச்சு ஓவர்லோடு தாங்காம அந்த நியூரான்களும் கிளைய கைவிட ஆரம்பிக்கும், அப்ப பழைய பலவீனம் திரும்பி வரும்.

நரம்பு போனா குவார்ட்டர்பேக்குக்கு என்ன ஆகும்னு கண்ணால பாக்கணும்னா பெய்டன் மேனிங். கழுத்துல பிரச்சனை, பல தடவ ஆபரேஷன், எறியற கையோட ட்ரைசெப்ஸுக்கு (மேல்கையோட பின்பக்க தசை) போற நரம்பு அடி வாங்கிடுச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் டென்வர்ல பேஸ்பால் வீரர் டாட் ஹெல்ட்டன் கூட ரகசியமா எறிஞ்சு பாத்தாரு, பந்து கொஞ்ச தூரத்துலயே மூக்கு குத்தி விழுந்துது. ஹெல்ட்டன் இவரு வெளையாட்டுக்கு பண்றாருன்னு நெனச்சாராம். தசை அங்க தான் இருக்கு, கரெண்ட் தான் இல்ல. அறுந்த நரம்பு திரும்ப வளர்றது ஒரு நாளைக்கு சுமாரா ஒரு மில்லிமீட்டர். கழுத்துல இருந்து ட்ரைசெப்ஸ் வரைக்கும் ஒரு அடின்னு வச்சா 300 நாள், நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. 2011 சீசன் முழுக்க அவரு ஆடல. அப்புறம் 2013ல, 37 வயசுல, 55 டச்டவுன் பாஸ் (கோல் மாதிரி பாயின்ட் வாங்கித் தர்ற எறி), 5,477 கெஜம், ரெண்டும் அன்னைக்கு லீக் ரெக்கார்டு. விரல் நுனில உணர்ச்சி முழுசா வரலன்னு அவரே சொல்லிருக்காரு, கிளவுஸ் போட்டுத் தான் எறிஞ்சாரு.

ஆனா ரெண்டே வருஷம், 2015ல 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன் (எறிஞ்ச பந்த எதிராளி புடிச்சுடுறது). அந்த வருஷம் சூப்பர் பவுல் (லீக்கோட இறுதி ஆட்டம்) ஜெயிச்சாங்க தான், ஆனா தூக்கிட்டுப் போனது டிஃபென்ஸ், அதாவது எதிராளிய தடுக்குற ஆளுங்க. பிரெட் ஃபார்வுக்கும் இதே கதை தான், 2009ல 40 வயச தொட்ட சீசன்ல 33 டச்டவுன், 7 இன்டர்செப்ஷன், அடுத்த வருஷமே 11, 19.

ஏன் படி படியா எறங்காம மாடில இருந்து விழுந்த மாதிரி விழுறாங்க? தத்தெடுப்பு தீந்து போறது தான் காரணம்னு சொல்ல எனக்கு ஆசை தான், ஆனா 40 வயசுல அது முழு காரணமா இருக்க முடியாது. மேனிங்குக்கு பாதத்துல அடி, ஃபார்வுக்கு உடம்பெல்லாம் அடி. அதுக்கு மேல எதிராளிக்கு எப்பவும் 24 வயசு, அது தான் நெஜமான வில்லன். கணக்கு சின்னது தான், 20 கெஜம்னா 18 மீட்டர் சொச்சம். 90 கிலோமீட்டர் வேகத்துல எறிஞ்சா 0.73 செகண்டு, 83ல எறிஞ்சா 0.79 செகண்டு. வித்தியாசம் கண்ண சிமிட்டுற நேரம் கூட இல்ல, ஆனா செகண்டுக்கு 8 மீட்டர் ஓடுற டிஃபென்டர் அதுக்குள்ள அரை மீட்டர் வந்துடுவான். அரை மீட்டர்னா ஒரு கை நீட்டுற தூரம். போன வருஷம் விரல் நுனிய தாண்டிப் போன பந்து இந்த வருஷம் உள்ளங்கைல விழுது, அவ்ளோ தான்.

அப்ப டாம் பிரேடி மட்டும் எப்டி? 43 வயசுல ஏழாவது சூப்பர் பவுல், 44 வயசுல 5,316 கெஜம், லீக்லயே முதல், 45ல தான் நிறுத்துனாரு. அவரு என்ன சொல்லுவாருன்னா, தசைய இளக்கி வச்சிருக்கணும், தக்காளி, கத்திரிக்கா, மொளகா தொடக்கூடாது, இன்ஃப்ராரெட் வீசுற பைஜாமா போட்டு தூங்கணும், தண்ணி நெறைய குடிச்சா வெயில்ல தோல் கருகாது. கத்திரிக்கா சாப்பிடாதவன் உலகத்துல கோடி பேர் இருக்கான், ஏழு சூப்பர் பவுல் ஒருத்தர் கிட்ட தான இருக்கு. நம்மூர் ராத்திரி டிவில நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம் விக்கிறவங்களுக்கும் அந்த பைஜாமாவுக்கும் பாக்கெட் தான் வித்தியாசம்.

நெஜமான காரணம்னு நான் நெனைக்கிறது மூணு. ஒண்ணு சட்டம், 2008ல முதல் மேட்ச்லயே பிரேடிக்கு முட்டி ஜவ்வு கிழிஞ்சுது, அடுத்த வருஷம் குவார்ட்டர்பேக்கோட முட்டிக்கு கீழ பாயுறதுக்கு விதிய இறுக்கிட்டாங்க. ரெண்டு, அவரு என்னைக்கும் ஓட்டத்த நம்புனவரே இல்ல, 22 வயசுலயே 40 கெஜம் ஓட 5.28 செகண்டு எடுத்தவரு, இல்லாத வேகம் எங்க போகும்? மூணாவது தான் பெருசு, பந்த சீக்கிரம் விடுறது. டிஃபென்ஸ் நிக்கிற நெலைய பாத்ததும் எவன் எங்க ஓடுவான்னு தெரிஞ்சுட்டா 0.06 செகண்டு என்ன, அரை செகண்டே மிச்சம் புடிக்கலாம். செஸ் ஆட்டக்காரங்க பலகைய காய் காயா பாக்காம கொத்து கொத்தா பாக்குறாங்கன்னு 1973லயே சேஸ், சைமன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க காட்டுனாங்களே, அதே தான். ரிவர்ஸ் கதையும் அது தான், கோல்ட்ஸ் கோச் பழைய சார்ஜர்ஸ் டீம்லயே அவரு கூட இருந்தவரு, ஆட்டத் திட்டம் எல்லாம் பழக்கப்பட்ட பாஷை. கைல வேகம் போனாலும் பாஷை மறக்கல.

குதிகால் தசைநாண் பத்தி அப்புறம் சொல்றேன்னு சொன்னேன்ல. 1950, 60கள்ல அணுகுண்டு சோதனையால காத்துல கார்பன்-14 ஏறி எறங்குச்சு, அத வச்சு 2013ல டென்மார்க்ல பாத்தாங்க, குதிகால் தசைநாணோட நடுப்பகுதி கிட்டத்தட்ட 17 வயசோட புதுசா ஆகுறத நிறுத்திடுது. அதாவது இன்னொரு குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் 2023 செப்டம்பர்ல, 39 வயசுல, ஜெட்ஸ் டீமுக்கு ஆட வந்து முதல் மேட்ச்ல நாலாவது தடவ பந்து கைக்கு வந்தப்பவே குதிகால் அறுந்து உக்காந்தாரே, அது அவரு ஸ்கூல் படிக்கிறப்ப உண்டான கயிறு. அதே ஆளு திரும்பி வந்து 41 வயசுலயும் ஆடுனாரு, ஆனா எந்த பைஜாமாவும் அந்தக் கயித்த புதுசா திரிக்காது.

பயிற்சி சுத்தமா வீண்னும் இல்ல. வாழ்நாள் முழுக்க ஓடுன 65 வயசுக்காரங்களோட கால்ல ஒரு தசைய அளந்து பாத்தா மோட்டார் யூனிட் (ஒரு நியூரானும் அது புடிச்சிருக்குற நார்களும்) எண்ணிக்கை வாலிப பசங்களுக்கு பக்கத்துல இருந்துது, ஆனா ஓட்டக்காரங்களோட கைல அந்த லாபம் தெரியல. எந்த நரம்பு வேலை செஞ்சுதோ அதுக்குத் தான் கூலி.

அப்ப எத்தன வயசு வரைக்கும்? பழைய காலத்து குவார்ட்டர்பேக் ஜார்ஜ் பிளாண்டா 48 வரைக்கும் 26 சீசன் ஆடுனாரு, ஆனா கடைசி வருஷங்கள்ல அவரு பெரும்பாலும் பந்த ஒதைக்கத் தான் எறங்குனாரு. முழு நேரமா எறியறதுல 45 தான் இதுவரைக்கும் கோடு. 50 வயசுல ஒருத்தன் வருவான்னு பந்தயம் கட்டுனா நான் எதிர் பக்கம் காசு வைப்பேன்.

இத சொன்னதும் பையன் அவன் எறியற வீடியோவ அனுப்பி ஸ்பைரல் வருதா, அதான் பந்து ஆடாம சுத்திக்கிட்டே போகுதா, பாருங்கன்னான். வயசு 13, அரிசியும் உளுந்தும் நல்லா கலந்து கெடக்குற வயசு. பந்து தள்ளாடி தள்ளாடி போயி பக்கத்து வீட்டு வேலிக்குள்ள விழுது. நரம்புல ஒரு கொறையும் இல்லடா, இடுப்பு தான் திரும்பலன்னு பதில் போட்டேன்.