ஃபியோர்டு: நுழைகழியா, பனியாற்றுக் குடாவா?

பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளத்தாக்கில் கடல் புகுந்து நின்றால் அது ஃபியோர்டு. நார்வேச் சொல். கடந்து போவதைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து வந்தது. ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறையைச் சொல்லும் ஆங்கில 'ஃபோர்டு' இதற்குப் பங்காளி.

தமிழில் 'நுழைகழி' என்கிறார்கள். கழி என்றால் நமக்கு நெய்தல் நிலத்து உப்பங்கழி, ஆழமில்லாத நீர். அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் கடலியல் படிப்பவர்கள் பார்க்கும் பாக் விரிகுடாவே பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். நார்வேயின் சோக்னஃபியோர்டோ 1,300 மீட்டர்! 'பனியாற்றுக் குடா' என்பதே பொருத்தம்.

பல ஃபியோர்டுகளின் வாயில், நீருக்கடியில் ஒரு மேடு இருக்கும். செட்டிநாட்டு வீட்டு நிலைவாசல் போல. 'வாசற்படி' என்றே சொல்லலாம். படி உயர்ந்திருந்தால் வெளிக்கடல் நீர் அடியில் புகாது. அடிநீர் தேங்கி ஆக்சிஜன் குறையும். ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்துக் கொங்ஸ்ஃபியோர்டனில் அப்படி உயர்ந்த படி இல்லை. அட்லாண்டிக்கின் வெப்பம் கூடிய நீர் உள்ளே வந்துவிடுகிறது; 2006க்குப் பிறகு கடல்பனி முன்போல் கட்டுவதில்லை. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் (2008) இதன் கரையில்தான். 2014இல் கடல்நீரை அளக்கும் இண்டார்க் என்ற இந்தியக் கருவித்தொகுதியை இங்கே 192 மீட்டர் ஆழத்தில் நிலைநிறுத்தினார்கள்.

பனி மூடிய குடாவில் உணவுச் சங்கிலி பனியின் அடிப்பரப்பில் ஒட்டி வளரும் பழுப்புநிற டயாட்டம் என்ற ஒருசெல் பாசியில் தொடங்குகிறது. அதைத் துடுப்புக்காலிகள் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகள் மேயும், அவற்றைத் துருவக் காட் மீன் தின்னும். பாசியை அளக்க 9 செ.மீ. விட்டமுள்ள குழாய்த் துரப்பணத்தால் பனித்தூணை எடுத்து, அடியிலுள்ள 3 முதல் 5 செ.மீ. மட்டும் அறுத்துக்கொள்வார்கள். அந்த அடிப்பகுதி பொலபொலவென்று இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் பாதி கடலிலேயே உதிர்ந்துவிடும். நிழலில்தான் அறுக்க வேண்டும், மங்கலிலேயே வளர்ந்த பாசி வெயில் தாங்காது.

அதைவிடப் பெரிய கோளாறு உருக்குவதில். துண்டைத் தனியே உருகவிட்டால் உப்பு திடீரென்று இறங்கி செல்கள் வெடிக்கும், எண்ணிக்கை குறைவாக வரும். வடிகட்டிய கடல்நீரை முதலிலேயே ஊற்றி, இருட்டில், குளிரிலேயே மெதுவாக உருக்க வேண்டும். எவ்வளவு ஊற்றினோம் என்று குறிக்காமல் விட்டால், பிறகு எந்தக் கணக்கும் நிற்காது.

எழுதுவோருக்கு ஒன்று: 'கொங்ஸ்' என்றால் அரசருடைய, கடைசி 'என்' (-en) ஆங்கில 'the' போன்ற சுட்டு விகுதி. 'கொங்ஸ்ஃபியோர்டன் ஃபியோர்டு' என்பது நம்மூர் 'நடுசென்டர்' மாதிரிதான். கொங்ஸ்ஃபியோர்டன் என்றாலே போதும்.