பதிவுப் புத்தகத்தில் இடமில்லாத காயம்

குத்துச்சண்டைப் போட்டிகளில் ரிங் ஓரத்தில் உட்காரும் டாக்டராகப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அமெச்சூர் வீரர் ஒவ்வொருவரிடமும் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கும். நாடி, ரத்த அழுத்தம், கண், கை எல்லாம் பார்த்து அதில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அவர் கயிற்றைத் தாண்டி உள்ளே போக முடியும். தலையில் அடி வாங்கி ஆட்டம் நிறுத்தப்பட்டால், அதே புத்தகத்தில் ஓய்வு நாட்களை எழுதுவோம். ஒருமுறை என்றால் குறைந்தது 30 நாள். மூன்று மாதத்துக்குள் இரண்டாவது முறை என்றால் 90 நாள். ஓராண்டுக்குள் மூன்று முறை என்றால் ஒரு வருடம் ரிங் பக்கமே வரக்கூடாது. கோச் கெஞ்சுவார், அப்பா சத்தம் போடுவார், "நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்று வீரரே சொல்லிப் பார்ப்பார். எழுதியது எழுதியதுதான்.

அப்படி 30 நாள் எழுதிக் கொடுத்த ஓர் இளைஞர் பத்து நாள் கழித்து என் கிளினிக்குக்கு வந்தார். (யாரென்று தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தலைவலி போகவில்லை, தூக்கம் வரவில்லை என்றார். கூட வந்த மனைவி இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"கையில என்னம்மா?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்."

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். வழுக்கி விழுகிறவர்கள் தரையில் கையை ஊன்றுவார்கள். அதனால் பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம் உடையும். இவருக்கு முன்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் எலும்பு, சரியாக நடுவில் உடைந்திருந்தது. அடி விழும்போது முகத்தைக் காப்பாற்றக் கையைத் தூக்குகிறவர்களுக்கு உடையும் இடம் அது. அவசரப் பிரிவில் ஒரு வருடம் வேலை பார்த்த எந்த டாக்டருக்கும் அந்தப் படத்தைப் பார்த்ததும் சந்தேகம் வரும்.

கணவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, தனியாக இருக்கும்போது மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலைக்கு எழுதிப் போட்டிருக்காரு டாக்டர். இப்ப எதாவது வெளிய தெரிஞ்சா அது போயிடும். வேலை வந்துட்டா சரியாயிடுவாரு" என்றார்.

அந்தக் கணவரின் தலைக்கு ஒரு புத்தகமும் விதியும் கெடுவும் இருந்தன. அவர் கை உடைத்த மனைவியின் கைக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுத இடமில்லை.

தொழில்முறை குத்துச்சண்டை வீரர்களை ரிங்குக்கு வெளியே செய்யும் தவறுகளுக்காகத் தண்டிக்கலாமா என்ற விவாதம் உலகம் முழுக்க ஓய்ந்தபாடில்லை. "அதுக்குத்தான் போலீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு. பாக்சிங் கமிஷனுக்கு இதுல என்ன வேலை?" என்று கேட்பவர்கள் நல்லவர்கள்தான். ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனையா என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. ஆனாலும் எனக்கு எட்வின் வலேரோவின் ஞாபகம் வந்துவிடுகிறது.

வலேரோ வெனிசுவேலாக்காரர். 27 ஆட்டம், 27 வெற்றி, இருபத்தேழும் நாக் அவுட். முதல் 18 ஆட்டங்கள் முதல் சுற்றிலேயே முடிந்தவை. 2001-இல் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருக்குத் தலையில் பலத்த அடி. 2004-இல் நியூயார்க்கில், ஆட உரிமம் கொடுக்கும் ஆணையம் (பாக்சிங் கமிஷன்) அவர் மூளை ஸ்கேனைப் பார்த்துவிட்டு மறுத்தது. என் துறைக்காரர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்த இடம் அது. அவரோ ஜப்பான், பனாமா, மெக்சிகோ என்று எங்கெல்லாம் அனுமதி கிடைத்ததோ அங்கெல்லாம் ஆடினார். பிறகு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமே அவருக்குக் கதவைத் திறந்தது. 2009 ஏப்ரலில் அங்கே ஆஸ்டின் நகரில் உலகப் பட்டம் வென்றார்.

2010 மார்ச்சில் அவர் மனைவி வெனிசுவேலாவின் மெரிடா நகர ஆஸ்பத்திரியில் இருந்தார். விலா எலும்புகள் முறிந்து, நுரையீரல் ஓட்டையாகியிருந்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. பாத்ரூம், மாடிப்படி, ஊர்தான் வேறு. ஆஸ்பத்திரியில் தகராறு செய்த வலேரோவைப் போலீஸ் பிடித்தது. சில நாள் மனநலச் சிகிச்சையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். ஏப்ரல் 18 அன்று வலென்சியா நகரில் ஓட்டல் அறை ஒன்றில் அந்தப் பெண் கொலையுண்டு கிடந்தார். அவருக்கு வயது 24. கைதான வலேரோ மறுநாள் சிறை அறையில் தூக்கில் தொங்கினார். அவருக்கு 28. இரண்டு சின்னக் குழந்தைகள் தனியாக நின்றன.

உரிமத்தை நிறுத்தியிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவரது மூளை ஸ்கேனைப் பார்த்து ஓர் ஆணையம் ஆட்டத்தை நிறுத்தியது. மனைவியின் நெஞ்சு எக்ஸ்ரேவைப் பார்த்து நிறுத்த எந்த விதியும் இருக்கவில்லை. ஒரே ஆளைப் பற்றி எச்சரித்த இரண்டு படங்கள் அவை.

தலையடிக்கும் கோபத்துக்கும் உள்ள உறவைக் குத்துச்சண்டை உலகம் புதிதாகத் தெரிந்துகொள்ளவில்லை. ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் 1928-லேயே, அடிவாங்கி அடிவாங்கித் தடுமாறும் வீரர்களின் மூளையைப் பற்றி எழுதிவிட்டார். திரும்பத் திரும்ப அடிபட்ட மூளையில் ஞாபகமும் கைகால் அசைவும் மட்டும் கெடுவதில்லை. பொறுமை போகும், சட்டென்று கை ஓங்கும். உயிரோடு இருக்கும்போது இந்த நோயை உறுதிசெய்ய இன்றும் வழியில்லை. இறந்தபின் மூளையைப் பரிசோதித்தால்தான் தெரியும். அதனால்தான் வீட்டில் மாறும் நடத்தை எங்களுக்கு இவ்வளவு முக்கியம். அதை முதலில் பார்ப்பது கோச்சோ டாக்டரோ இல்லை, மனைவியும் அம்மாவும்தான்.

இதைச் சொன்னதும் "பாவம், மூளை நோய், அவர் என்ன செய்வார்" என்று சிலர் இரங்கிவிடுகிறார்கள். அதற்கு நான் உடன்பட மாட்டேன். மணி அடித்ததும் கையை நிறுத்தத் தெரிந்தவர் அவர். கோச்சை அடிப்பதில்லை, சம்பளம் தரும் புரமோட்டரை அடிப்பதில்லை. நான் பார்த்த வீரர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் அடிக்காதவர்கள், வெளியே கையை ஓங்கவே பயப்படுகிறவர்கள். நோய் இருந்தால் சிகிச்சை தருவோம். பொறுப்பு அவருடையதுதான்.

சரி, கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்றால், பார்த்துக்கொண்டதா? அமெரிக்க உலகச் சாம்பியன் பிளாய்டு மேவெதர் 2010 செப்டம்பரில் தன் முன்னாள் துணைவியைப் பிள்ளைகள் கண்முன்னே தாக்கிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2011 டிசம்பரில் 90 நாள் சிறை என்று தீர்ப்பானது. ஆனால் 2012 மே 5 அன்று லாஸ் வேகஸில் அவர் ஆட வேண்டியிருந்தது. நீதிமன்றம் சிறைக்குப் போகும் தேதியை ஜூன் 1-க்குத் தள்ளிவைத்தது. லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் ஆணையம் அந்த ஆட்டத்துக்கு உரிமம் கொடுத்தது. மிகெல் கொட்டோவுடன் ஆடினார், அவருக்கு உறுதி செய்யப்பட்ட தொகை 3 கோடியே 20 லட்சம் டாலர். அப்புறம் உள்ளே போய் இரண்டு மாதத்தில் வெளியே வந்துவிட்டார். அவர் தலையில் அடிபட்டு 30 நாள் ஓய்வு எழுதப்பட்டிருந்தால், ஆட்டத்துக்காக அதை ஒரு நாள்கூடத் தள்ளிவைத்திருக்க மாட்டார்கள்.

அபராதத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பிரிட்டனின் பில்லி ஜோ சாண்டர்ஸ் 2018-இல் ஒரு பெண்ணைப் போதைப்பொருள் ஆசை காட்டி அவமானப்படுத்திய வீடியோவுக்காக, அந்நாட்டு குத்துச்சண்டை வாரியத்திடம் ஒரு லட்சம் பவுண்டு அபராதம் கட்டினார். 2020 ஊரடங்கின்போது துணைவியை எப்படி அடிப்பது என்று பஞ்ச் பேக்கில் செய்து காட்டி வீடியோ போட்டார். வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட பெண்கள் உதவிக்கு அழைத்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. உரிமத்தை உடனே நிறுத்தினார்கள், அது சரியான முடிவு. கடைசியில் அபராதம் 15 ஆயிரம் பவுண்டாக முடிந்தது, உரிமமும் திரும்பியது. மறு ஆண்டு மே மாதம் டெக்சாஸில் கனேலோ அல்வாரெஸுடன் உலகப் பட்டத்துக்கு ஆடினார். பெரிய வீரருக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு. சின்ன வீரருக்கோ அது மனைவியின் சமையலறையிலிருந்து போகும் பணம். கை உடைந்த அந்தப் பெண்ணிடம் "உன் வீட்டுக்காரருக்கு அபராதம் போடலாமா?" என்று கேட்டால் என்ன சொல்வார்?

ஆணையங்களுக்கு அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு முகமது அலி ஓர் உதாரணம். அதையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவத்தில் சேர மறுத்தார். நீதிமன்றம் எதுவும் சொல்வதற்கு முன்பே, அன்றைக்கே, நியூயார்க் ஆணையம் உரிமத்தை நிறுத்தியது. பட்டமும் போனது. அப்போது அவருக்கு வயது 25. மூன்றரை ஆண்டு ஆட முடியவில்லை. அவர் வழக்குப் போட்டபோது ஆணையத்தின் பழைய ஆவணங்களைப் புரட்டினார்கள். குற்ற வழக்குகளில் தண்டனை பெற்றவர்களுக்கு அதே ஆணையம் உரிமம் கொடுத்த, புதுப்பித்த சம்பவங்கள் குறைந்தது 244 கிடைத்தன! மற்ற குற்றங்களுக்கெல்லாம் உரிமம் உண்டு, போருக்குப் போக மாட்டேன் என்றவருக்கு மட்டும் இல்லை. 1970 செப்டம்பரில் நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு அந்த மறுப்பு செல்லாது என்றார். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம், ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அவருக்கு விதித்த தண்டனையையே ரத்து செய்தது.

அதனால் வாய்ப்பேச்சு, அரசியல், மதம், யாரோடு வாழ்கிறார் என்பதெல்லாம் ஆணையத்தின் கைக்குப் போகவே கூடாது என்பது என் கருத்து. ஒருவர் இன்னொருவர் உடம்பில் கை வைத்தாரா? அந்த ஒரு கேள்வி போதும். கைக்குத்தானே உரிமம் கொடுக்கிறோம். என் தொழிலிலும் இது புதிதில்லை. ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக நீதிமன்றத்தில் தண்டனை பெற்றால், என் மருத்துவப் பதிவின் மீது கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம். இரட்டைத் தண்டனை என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை.

அப்புறம் ஊர் மாறும் பிரச்சினை. 2012 பிப்ரவரியில் மியூனிக்கில் பிரிட்டிஷ் வீரர் டெரெக் சிசோரா, எடை பார்க்கும் மேடையில் எதிராளி விட்டாலி கிளிட்ச்கோவை அறைந்தார், ஆட்டம் முடிந்தபின் இன்னொரு பிரிட்டிஷ் வீரர் டேவிட் ஹேயுடன் செய்தியாளர் கூட்டத்திலேயே அடிதடி. பிரிட்டிஷ் வாரியம் உரிமத்தைப் பறித்தது. ஜூலை மாதம் அதே சிசோராவும் ஹேயும் லண்டனிலேயே மோதினார்கள், லக்சம்பர்க் கூட்டமைப்பு கொடுத்த உரிமத்தோடு! 2002-இல் மைக் டைசனுக்கு நெவாடா உரிமம் மறுத்தது, டென்னசியின் மெம்பிஸ் வரவேற்றது. அமெரிக்காவில் 1996-இல் வந்த குத்துச்சண்டைப் பாதுகாப்புச் சட்டம், நாக் அவுட், காயம், ஊக்கமருந்து, பொய் அடையாளம் போன்ற காரணங்களுக்காக ஒரு மாநிலம் நிறுத்தி வைத்தவரை இன்னொரு மாநிலம் ஆடவிடாமல் தடுக்க வழி செய்தது. அந்தப் பட்டியலில் வீட்டு வன்முறை என்ற சொல் இல்லை.

நான் கேட்பது அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரி. வன்முறைக் குற்றச்சாட்டு முறைப்படி பதிவானால், தலையடிக்குச் செய்வது போலவே உரிமத்தை உடனே நிறுத்தி வைக்க வேண்டும். சாம்பியனுக்கும் நான்கு சுற்று ஆடுகிறவருக்கும் ஒரே நாள் கணக்கு. அந்த நாட்களுக்குள் நரம்பியல், மனநலப் பரிசோதனை முடிய வேண்டும். கோர்ட் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்பதால், ஆணையம் தன் விசாரணையைச் சில வாரங்களில் முடித்தாக வேண்டும். குற்றச்சாட்டு நிற்கவில்லை என்றால் உரிமம் திரும்பட்டும். பொய்ப் புகாரில் ஒருவர் ஓர் ஆட்டத்தை இழக்கலாம்தான். தலையில் ஒன்றுமே இல்லாத வீரர்களையும் சந்தேகத்தின் பேரில் நாங்கள் தினமும் உட்கார வைக்கிறோம். அதை யாரும் தண்டனை என்று நினைப்பதில்லை.

இதைப் படிக்கும் வீரர்களின் வீட்டுப் பெண்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலையடிக்குப் பின் தூக்கம், பேச்சு, கோபம் எது மாறினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் மீது கை விழுந்தால், காரணத்தை மாற்றிச் சொல்லாமல் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயையும் மருந்துச் சீட்டையும் நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். தமிழ்நாட்டில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். கணவரைச் சிறைக்கு அனுப்பாமலே, அடிக்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வாங்க அந்தச் சட்டத்தில் வழி உண்டு. "வேலை போயிடும்" என்று பயப்படுகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். காயத்தை உள்ளபடி கேஸ் ஷீட்டில் எழுதினேன். மருந்துச் சீட்டின் பின்னால் 181 என்று எழுதிக் கொடுத்தேன். மடித்து வைத்துக்கொண்டார்.

அவருக்கு மாவுக்கட்டு பிரிக்க ஆறு வாரம். கணவருக்கு எழுதிய 30 நாள் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அடுத்த போட்டிக்கு வரிசையில் வந்து பதிவுப் புத்தகத்தை நீட்டினார். தலைவலி போய்விட்டது, தூக்கம் வருகிறது என்றார். நாடி பார்த்தேன், கண் பார்த்தேன், இரண்டு கை முட்டிகளையும் அழுத்திப் பார்த்தேன். எதிலும் குறையில்லை. மறுக்க எனக்கு விதி இல்லை. கையெழுத்துப் போட்டேன்.