பாறைக்குள் எவ்வளவு நீர் தங்கும்? அணைக்கும் கிணற்றுக்கும் ஒரு கணக்கு

பெரிய அணை கட்டுவதா, ஊருக்கு ஊர் தடுப்பணையும் குட்டையும் போட்டு நிலத்தடி நீரைப் பெருக்குவதா என்ற வாதத்தில் இரு தரப்பும் தாண்டிப்போகும் கேள்வி ஒன்று உண்டு. வயலுக்கு அடியில் இருப்பது என்ன மண், என்ன பாறை? அதைப் பார்க்காமல் எந்தப் பக்கம் பேசினாலும் கணக்கு இடிக்கும்.

நிலத்தடி நீர் மணல் துகள்களின் இடைவெளியிலும் பாறையின் வெடிப்புகளிலும் தங்குகிறது. அங்கே இருக்கும் நீரெல்லாம் கிணற்றுக்கு வருவதில்லை. ஒரு பகுதி துகளைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். வடிந்து வரக்கூடிய பங்குதான் பாசனத்துக்கு உதவும். இந்தியாவில் நிலத்தடி நீரை மதிப்பிடப் பயன்படும் அளவுகோலின்படி, மணற்பாங்கான வண்டலில் இந்தப் பங்கு 16 சதவீதம். களி மிகுந்த வண்டலில் 6. சிதைந்த கிரானைட்டில் 3, அதிலும் களி கலந்திருந்தால் 1.5. வெடிப்பு மிகக் குறைந்த கெட்டிப் பாறையில் 0.3 சதவீதம்தான்.

ஒரு ஹெக்டேரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் நனையும் மண், பாறையின் கன அளவு 10,000 கன மீட்டர். மணல் வண்டலில் இதிலிருந்து 1,600 கன மீட்டர் எடுக்கலாம். களி கலந்த கிரானைட்டில் 150 மட்டுமே. ஆகவே, மழைக்குப் பின் கிணறு விளிம்பு வரை நிறைந்திருப்பதைக் காட்டும் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கெட்டிப் பாறைப் பகுதியில் கிணறு சீக்கிரம் நிறையும். அதே காரணத்தால் சீக்கிரம் வற்றவும் செய்யும்.

ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெறும் கிரானைட் பூமியை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் விழுவது 8,000 கன மீட்டர். களி அதிகமில்லாத சிதைந்த பாறையில் அதில் 11 சதவீதம் உள்ளே இறங்கும் என்பது வழக்கமான மதிப்பீடு. அதாவது 880 கன மீட்டர். ஒரு போகம் நெல்லுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 12,000 கன மீட்டர் வேண்டும். நேராக வகுத்தால், ஒரு ஹெக்டேர் நெல்லுக்குப் பதினான்கு ஹெக்டேரில் ஊறிய நீர் தேவை. நெல் வயலில் கட்டிய நீரில் கணிசமான பகுதி மீண்டும் கீழே இறங்குகிறது என்பதால் பாதியைக் கழித்தாலும் ஏழு ஹெக்டேர் ஆகிறது. தடுப்பணைகள் ஊறலை இரட்டிப்பாக்கினாலும் ஏறத்தாழ மூன்றரை ஹெக்டேர் வேண்டும். கெட்டிப் பாறைப் பூமியில் கிணற்றை நம்பி நெல்லும் கரும்பும் வைத்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு போர்வெல்லை ஆழப்படுத்துவது இதனால்தான்.

அணையின் பலம் இங்கே தெரியும். பல்லாயிரம் சதுர கிலோமீட்டரில் பெய்த மழையை அது ஓரிடத்தில் நிறுத்தி, மழையில்லாத மாதத்துக்குக் கொண்டுபோகிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி, அதாவது ஏறத்தாழ 265 கோடி கன மீட்டர். ஒருமுறை நிறைந்த நீர் முழுதும் வயலுக்குப் போய்ச் சேர்ந்தால் 2.2 லட்சம் ஹெக்டேர் நெல்லுக்கு ஆகும். டெல்டா போன்ற பரப்பை உள்ளூர் ஊறலை மட்டும் வைத்து நடத்த முடியாது. அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் முழுதும் போய்ச் சேர்வதில்லை. இந்தியக் கால்வாய்ப் பாசனத்தில் பயிருக்குப் பயன்படுவது 35 முதல் 40 சதவீதம் என்று மதிப்பிடுகிறார்கள். கிணற்றுப் பாசனத்தில் 65-க்கு மேல். வெயிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அஸ்வான் உயர் அணைக்காக எகிப்தும் சூடானும் 1959-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், நைல் நதியின் சராசரி ஆண்டு நீர்வரத்தான 8,400 கோடி கன மீட்டரில் 1,000 கோடியை ஆவியாதலுக்கும் கசிவுக்கும் என்று எடுத்த எடுப்பிலேயே கழித்துவிட்டார்கள்.

கால்வாய் ஓரம் கசிவது எல்லாம் இழப்பு ஆகாது. அது பக்கத்துக் கிணறுகளில் ஊறி, கால்வாயில் முறை வைத்து நீர் விடும்போது வரும் இடைவெளியில் மீண்டும் வயலுக்கு வருகிறது. கால்வாய்க்கு முழுக்க சிமென்ட் பூசியபின் அந்தக் கிணறுகளில் நீர் குறைந்தால் வியக்க ஒன்றுமில்லை. கிணறு இல்லாத இடத்தில்தான் கசிவு தொல்லையாகிறது. நீர்மட்டம் தரையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்துவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் மேலேறி ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள நல்ல ஆற்று நீரே ஆனாலும், ஹெக்டேருக்கு 10,000 கன மீட்டர் பாய்ச்சினால் 3 டன் உப்பு வயலுக்குள் வருகிறது. வடிகால் இல்லாத ஆயக்கட்டு மெல்ல மெல்ல உவர் நிலமாவது இப்படித்தான்.

இனி தடுப்பணை, குட்டை பக்கம். கசிவுநீர்க் குட்டையில் மாதக்கணக்கில் நீர் நிற்பதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் அதிகம். நிலத்தடி நீருக்காக வெட்டிய குட்டை என்றால் அது கெட்ட செய்தி. சென்டிமீட்டர் குறியிட்ட கம்பு ஒன்றை நட்டு, மழையும் வரத்தும் இறைப்பும் இல்லாத நாட்களில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்து வாருங்கள். நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் இறங்கினால் அது பெரும்பாலும் வெயில் குடித்த நீர்; கீழே எதுவும் போகவில்லை. 25, 30 இறங்கினால்தான் குட்டை வேலை செய்கிறது. அடியில் படிந்த மெல்லிய வண்டல் ஏடே போதும் ஊறலை அடைக்க. கோடையில் அது காய்ந்து வெடித்திருக்கும்போது வழித்து எடுத்து வயலில் போட்டுவிட வேண்டும்.

வயலில் ஓடும் நீரைத் திறந்த கிணற்றுக்குள் விடும் அமைப்பிலும் வழக்கமான பிழை ஒன்று உண்டு. கிணற்றிலிருந்து 3 முதல் 5 மீட்டர் தள்ளி, 2 மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் வடிகட்டும் குழி. அடியில் 60 சென்டிமீட்டர் கருங்கல், அதன்மேல் 40 சென்டிமீட்டர் ஜல்லி, நைலான் வலை, மேலே 50 சென்டிமீட்டர் பருமணல். மிச்சம் 50 நீர் நிற்க. கல் அடுக்கிலிருந்து 6 அங்குலக் குழாய் கிணற்றுச் சுவரைத் தாண்டி அரை மீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையேல் சுவரை ஒட்டி வழிந்து மண்ணை அரித்துவிடும். இதுவரை எல்லோரும் சரியாகவே செய்கிறார்கள், அளவில்தான் தவறுகிறது. ஒரு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்து அதில் 30 சதவீதம் ஓடினால் 1.5 லட்சம் லிட்டர். 4 சதுர மீட்டர் மணல், மணிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வடிகட்டுவதாக வைத்துக்கொண்டாலும், மணிக்கு 4,000 லிட்டர்தான் போகும். அத்தனையும் வடிய 37 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழையோ இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், நீர் குழியைத் தாண்டி ஓடிவிடும். குழிக்கு முன்னால் 150 கன மீட்டர் பண்ணைக் குட்டை ஒன்று இருந்தால்தான் இந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. வண்டலும் அங்கேயே படிந்துவிடும்.

போர்வெல்லுக்குள் வயல் நீரை நேராக விடவே கூடாது. பூச்சிமருந்தும் நைட்ரேட்டும் குடிநீரில் கலக்கும். வெடிப்புக்குள் புகுந்து அடைத்த களியை எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

இன்னொன்று, தடுப்பணை நீரை உண்டாக்குவதில்லை. மேலே நிறுத்தியது கீழே வராது. மழை மிகுந்த ஆண்டில் இது உறைக்காது. மழை குறைந்த ஆண்டில் கீழுள்ள ஏரிக்கும் அணைக்கும் வரத்து குறையும். 2000-இல் குஜராத் அரசு மக்கள் பங்களிப்போடு தொடங்கிய திட்டத்தால் சௌராஷ்டிரத்தில் தடுப்பணைகள் ஆயிரக்கணக்கில் பெருகியபின் இந்த விவாதம் அங்கே வலுவாக எழுந்தது.

நீர்மட்டம் மேலே இருப்பதன் லாபம் மின்சாரத்திலும் தெரியும். 40 சதவீதத் திறனுள்ள மோட்டார், 100 மீட்டரிலிருந்து ஒரு கன மீட்டர் நீரை ஏற்ற 0.68 யூனிட் எடுக்கும். ஹெக்டேருக்கு 5,000 கன மீட்டர் கேட்கும் பயிருக்கு 3,400 யூனிட். 10 மீட்டரில் அதே நீருக்கு 340.

ஆந்திரத்தில் 2000-களில் உழவர்களே மழைமானியும் கிணற்று மட்டமும் அளந்து, பின்பருவ விதைப்புக்கு முன் ஊர்க்கூட்டத்தில் நீர்க்கணக்குப் போட்டார்கள். முறை எளிது. 300 ஹெக்டேர் கிரானைட் பரப்பு, வடியும் பங்கு 2 சதவீதம், மழைக்குப் பின் கிணறுகளில் சராசரி ஏற்றம் 4 மீட்டர் என்றால் ஊறியது 2.4 லட்சம் கன மீட்டர். ஆயிரம் பேருக்கும் கால்நடைக்கும் 40,000 ஒதுக்கினால் பாசனத்துக்கு 2 லட்சம். இதில் நெல் என்றால் 16 ஹெக்டேர் வைக்கலாம், அதற்குப் பதில் நிலக்கடலை என்றால் 40 ஹெக்டேர் வைக்கலாம். சொட்டுநீர் போட்டு மிச்சப்படுத்தியதைக் கொண்டு பரப்பைக் கூட்டினால், ஆவியாகிப் போகும் நீர் கூடுமே தவிர இந்த 2 லட்சம் கூடாது. கோடை முடிவில் மட்டத்தை மறுபடி அளந்து, இறங்கியது 4 மீட்டரைத் தாண்டியிருந்தால், அடுத்த ஆண்டு எத்தனை ஹெக்டேரைக் குறைப்பது என்று அப்போதே பேச வேண்டும்.