ஈஸ்மென்ட்: ‘அனுபவ உரிமை’ என்று எழுதாதீர்கள்

மனை வாங்குவோருக்கான விளக்கங்களில் ‘யுடிலிட்டி ஈஸ்மென்ட்’ என்பதைச் சிலர் ‘பயன்பாட்டு வசதி’ என்கிறார்கள், சிலர் ‘பயன்பாட்டுத் தளர்வு’ என்கிறார்கள், சட்டம் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் ‘அனுபவ உரிமை’ என்கிறார்கள். முதல் இரண்டுக்கும் பொருளே இல்லை. படிப்பவர் குழம்பி, யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்வார். மூன்றாவதற்குப் பொருள் இருக்கிறது, ஆனால் அது வேறொன்றின் பொருள். ஆகவே அதுதான் அதிகக் கெடுதல் செய்கிறது.

ஒருவருடைய நிலத்தில் இன்னொருவர் ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் செய்துகொள்வதற்கோ, நிலத்துக்காரரை ஒன்றைச் செய்யவிடாமல் தடுப்பதற்கோ உள்ள உரிமையே ஈஸ்மென்ட். பின்மனைக்காரர் முன்மனை வழியாக நடந்து தெருவுக்கு வருவது, மேட்டு வயலின் வடிநீர் பள்ளத்து வயல் வழியே போவது, நெடுங்காலமாகச் சன்னலுக்கு வரும் வெளிச்சத்தை மறைத்துச் சுவர் எழுப்பக்கூடாது என்பது எல்லாம் இதில் அடங்கும். நிலத்தின் சொந்தமும் கைவசமும் இருந்தவரிடமே இருக்கும். இந்தியாவில் இதற்கென்று 1882ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. அமைதியாகவும் வெளிப்படையாகவும் உரிமையோடும் 20 ஆண்டு தடையின்றிப் பயன்படுத்தி வந்தால் உரிமை நிலைபெறும் என்கிறது அதன் 15ஆம் பிரிவு. அரசு நிலமானால் 30 ஆண்டு.

ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேருக்குச் சௌகரியம், எளிமை என்று பொருள். ‘வசதியுரிமை’, ‘தளர்வு’ எல்லாம் அங்கிருந்து பிறந்தவைதாம். வேரைப் பெயர்த்தார்கள், சட்டப் பொருளைப் பெயர்க்கவில்லை. வசதி என்றால் நம் காதில் சலுகை என்றே விழும். பின்மனைக்காரருக்கு வேறு வழியே இல்லாதபோது கிடைக்கும் பாதையைக்கூட வசதி என்று சொன்னால், அது முன்மனைக்காரரின் தயவு என்றுதானே தோன்றும்? தயவில் விடுவது வேறு. அது அனுமதி, பெரும்பாலும் கொடுத்தவரே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அதே சட்டம் 52ஆம் பிரிவிலிருந்து அதைத் தனியே பேசுகிறது.

இனி ‘அனுபவ உரிமை’. நம் பத்திரங்களில் அனுபவம் என்ற சொல்லுக்கு நிலைத்த பொருள் ஒன்று உண்டு. ‘எனது அனுபவ சுவாதீனத்தில் இருந்து வரும் சொத்து’ என்று எழுதினால், நிலம் அவர் கையில் இருக்கிறது, உழுது பயிரிடுகிறார் அல்லது குடியிருக்கிறார் என்று அர்த்தம். ஈஸ்மென்ட் இதற்கு நேர் எதிர்: கைவசம் இல்லாதவருக்கு உள்ள உரிமை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் என்ன ஆகும்? ‘மின்பாதைக்கு அனுபவ உரிமை தரப்படுகிறது’ என்ற வரியைப் படிக்கும் விவசாயி, நிலமே போய்விட்டது என்று நினைப்பார். மறுபுறம், பாதையில் நடக்க மட்டும் உரிமை உள்ள பக்கத்து மனைக்காரர் ‘எனக்கு அனுபவம் இருக்கிறது’ என்று வேலி போடக் கிளம்புவார். வாய்ச்சண்டையில் முடிய வேண்டியதை நீதிமன்றம் வரை கொண்டுபோகும் குழப்பம் இது. தூய தமிழ் வேண்டும் என்று ‘துய்ப்புரிமை’ என்று மாற்றுவதாலும் பயனில்லை. துய்ப்பு என்பது அனுபவத்துக்கே தமிழ். தவறு அப்படியே தங்கிவிடுகிறது, மொழி மட்டும் மாறுகிறது.

‘யுடிலிட்டி’ என்பதைப் ‘பயன்பாடு’ ஆக்குவது இன்னொரு கோளாறு. அங்கே அச்சொல் மின்சாரம், குடிநீர், எரிவாயு, கழிவுநீர், தொலைபேசி முதலிய பொதுச்சேவைகளைக் குறிக்கிறது. இந்தப் பொதுச்சேவைத் தடங்கள் 1882 சட்டத்துக்குள் எளிதில் அடங்கவும் மாட்டா. அச்சட்டப்படி ஒரு நிலத்தின் நலனுக்காக இன்னொரு நிலத்தின்மேல் உள்ளதுதான் ஈஸ்மென்ட். மின்கம்பிக்கு அப்படி ஒரு நிலம் இல்லை. அதனால் தனிச் சட்டங்கள் வந்தன. மின்தடங்களுக்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, பிறர் நிலத்தில் கம்பி கொண்டுபோக 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் உள்ள அதிகாரங்களை மின்தடம் அமைப்பவருக்குத் தர இடம் கொடுக்கிறது. எரிவாயு, எண்ணெய்க் குழாய்களுக்கு 1962ஆம் ஆண்டுச் சட்டம்.

இச்சட்டங்களில் வரும் தொடர் ‘ரைட் ஆஃப் யூசர்’. இதைப் ‘பயனாளர் உரிமை’ என்று எழுதுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. சட்ட ஆங்கிலத்தில் இங்கே ‘யூசர்’ என்பது ஆளைக் குறிப்பதில்லை, பயன்படுத்தும் செயலைக் குறிக்கிறது. அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தத் தாளை நம்பி நிலத்துக்காரர் கையெழுத்திடுகிறார்.

அவர் தெரிந்துகொள்ள வேண்டியதோ வேறு. குழாய் போன பிறகும் பட்டா அவர் பெயரில்தான் இருக்கும், மேலே பயிர் வைக்கலாம். ஆனால் 1962 சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி குழாய் போகும் நிலப்பட்டையில் கட்டடம் கட்டக்கூடாது, கிணறோ குளமோ வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. சேதத்துக்கான ஈடு போக, உரிமைக்கான இழப்பீடு சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. தென்னை வைக்கவும் வீடு கட்டவும் நினைத்தவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! சொந்தமும் போகவில்லை, முழுச் சொந்தமாகவும் இல்லை என்ற இந்த நிலையிலிருந்துதான் பெரும்பாலான தகராறுகள் கிளம்புகின்றன. இதைச் சொல்லாத எந்தச் சொல்லும் எனக்கு ஏற்புடையதல்ல.

ஆகவே ஈஸ்மென்டைப் ‘பிறர்நிலப் பயனுரிமை’ என்று எழுதலாம். ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டால் பிறகு ‘பயனுரிமை’ போதும். நீளம் என்பார்கள். நிலம் பிறருடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதால் அந்த நீளத்தை நான் பொறுத்துக்கொள்வேன். பொதுச்சேவைகளுக்கு எது போகிறதோ அதையே சேர்த்து ‘மின்தடப் பயனுரிமை’, ‘குழாய்த்தடப் பயனுரிமை’ என்று எழுதினால் சட்டமும் விளங்கும், தடமும் கண்ணுக்குத் தெரியும்.

பத்திரங்களில் ஏற்கெனவே ஓடும் ‘வழிநடைப் பாத்தியம்’, ‘வண்டிப்பாதைப் பாத்தியம்’ ஆகியவற்றை வடசொல் என்று விரட்ட வேண்டியதில்லை. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் அவற்றில் ஐயமே இல்லை. ஆனால் உரிமை பெறும் நிலத்தையும் இடம் தரும் நிலத்தையும் ‘ஆதிக்க நிலம்’, ‘அடிமை நிலம்’ என்று பெயர்ப்பதை நிறுத்த வேண்டும். ‘உரிமைபெறு நிலம்’, ‘இடந்தரு நிலம்’ என்றால் எது எது என்று கேட்டவுடனே புரியும்.