பயிற்சியாளரா, பையனா? சிகாகோ ரசிகர்களின் சண்டையும் ஒரு குவாட்டர்பேக்கின் மூளையும்

2024 நவம்பர் 28, அமெரிக்காவில் நன்றி நவிலல் நாள். டெட்ராய்ட் நகரத்து ஃபோர்டு ஃபீல்டு அரங்கில் நடக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் சிகாகோ பேர்ஸ் அணி 20-23 என்று பின்தங்கி நிற்கிறது. ஆட்டம் முடிய அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்துச் சமன் செய்ய முடிகிற தூரத்தின் விளிம்பில்தான் பந்தும் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து சிகாகோவின் குவாட்டர்பேக் (பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து அணியின் தாக்குதலை நடத்துபவர்), 23 வயது கேலப் வில்லியம்ஸ், பந்தை எறிவதற்குள் சாய்க்கப்படுகிறார். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடிகாரத்தை நிறுத்தும் டைம் அவுட் ஒன்று கையில் மிச்சம் இருந்தும் யாரும் கேட்கவில்லை. அணி மறுபடி வரிசைகட்டி நின்று பந்தை எடுக்கும்போது பாக்கி ஆறு நொடி. வில்லியம்ஸ் தொலைவாக எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளூஸ் நீக்கப்பட்டார். 1920 முதல் ஆடிவரும் அந்த அணி, பருவத்தின் நடுவில் தலைமைப் பயிற்சியாளரை அனுப்பியது அதுதான் முதல் தடவை. அதற்கு 17 நாள் முன்னால்தான் தாக்குதல் ஆட்டத்தை வகுக்கும் ஷேன் வால்ட்ரனையும் அனுப்பியிருந்தார்கள்.

அன்றிலிருந்து சிகாகோ ரசிகர்கள் இரண்டு கட்சி. 'பையன் நல்ல பையன், பயிற்சியாளர்கள் கெடுத்துவிட்டார்கள்' என்பது ஒரு கட்சி. 'பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு எந்தப் பயிற்சியாளர் வந்து என்ன செய்வார்' என்பது மற்றொன்று. அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில், 2024-இல் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் வில்லியம்ஸ் என்பதால் இரண்டு பக்கமும் சூடு அதிகம். அந்த அணி கடைசியாகப் பட்டம் வென்றது 1985 பருவத்தில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கோபம் ஒரு வருடத்துக் கோபம் இல்லை.

இரண்டு கட்சியும் பயிற்சியாளர் வேறு, ஆட்டக்காரர் வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டுதான் வாதாடுகின்றன. குவாட்டர்பேக்கின் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் அந்தப் பிரிப்பே நிற்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு ஆட்டமும் சில நொடி நீளும் சின்னச் சின்ன மோதல்களால் ஆனது. ஒரு மோதல் முடிந்ததும் பொதுவாக 40 நொடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் அடுத்த மோதல் தொடங்கியாக வேண்டும். இந்த இடைவெளியில் குவாட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் இருக்கும் சிறிய ஒலிபெருக்கியில் பயிற்சியாளரின் குரல் வருகிறது. 1994 முதல் இதற்கு அனுமதி உண்டு. எந்தத் தலைக்கவசத்தில் வானொலி இருக்கிறது என்று நடுவர்களுக்குத் தெரிய அதன் பின்புறத்தில் பச்சைப் புள்ளி ஒன்று ஒட்டியிருக்கும். கடிகாரம் 15 நொடியைத் தொட்டதும் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். அதன் பிறகு அவர் தனி ஆள்.

அந்தக் குரல் சொல்வது சாதாரணப் பேச்சு இல்லை. யார் எங்கே நிற்க வேண்டும், பந்து நகர்வதற்கு முன் யார் இடம் மாற வேண்டும், முன்வரிசை எந்தப் பக்கம் சாய்ந்து காக்க வேண்டும், ஓடுகிற ஒவ்வொருவரும் எத்தனை அடி போய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எல்லாம் குறிச்சொற்களாக ஒரே மூச்சில் வரும். பத்துப் பன்னிரண்டு சொல் நீளும் அந்தச் சரத்தை வாங்கி, கூடி நிற்கும் பத்துப் பேருக்குத் திருப்பிச் சொல்லி, எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, எதிரே நிற்பவர்களைப் பார்த்து, வேண்டுமானால் மாற்றி, பிறகுதான் பந்தைக் கேட்க முடியும்.

பந்து கைக்கு வந்ததும் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று நொடி.

அந்த மூன்று நொடியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். 20 கஜம் பறக்கும் பந்துக்கு ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் வேகமாக ஓடும் ஆட்டக்காரர் ஏழெட்டு மீட்டர் போய்விடுவார். ஆகவே ஆள் இருக்கும் இடத்துக்கு எறிந்தால் பந்து அவருக்குப் பின்னால்தான் போகும். ஆள் இன்னும் திரும்பவே இல்லாதபோது, அவர் போய்ச் சேரப்போகும் வெற்றிடத்துக்கு எறிய வேண்டும். கண்ணில் பட்ட ஒன்றுக்கு மிக எளிமையாக எதிர்வினை காட்டவே மனிதருக்கு ஏறக்குறைய 0.2 நொடி தேவை. அது ஒரு விளக்கு எரிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தும் வேலைக்கு. தேர்வுகள் கூடக் கூட அந்த நேரமும் கூடும் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் எட்மண்ட் ஹிக் 1952-இல் காட்டினார். குவாட்டர்பேக் முன்னால் பந்தைப் பிடிக்கத்தக்கவர்கள் ஐந்து பேர் வரை ஓடுகிறார்கள், ஆளுக்கு ஒரு திசையில். ஒவ்வொருவரையும் பார்த்து யோசித்து முடிவெடுக்க நேரம் இல்லவே இல்லை.

அப்படியானால் நல்ல குவாட்டர்பேக்குகள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? அவர்கள் 22 பேரைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள சதுரங்கத்தில் செய்த ஓர் ஆய்வு உதவும். வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு அது. உண்மையான ஆட்டத்தின் நடுக்கட்டம் ஒன்றை ஐந்து நொடி மட்டும் காட்டிவிட்டு மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியான கட்டத்தில் திருப்பி வைத்தார். தொடக்கநிலைக்காரரால் நாலைந்து காய்தான் முடிந்தது. அதே காய்களை ஒழுங்கில்லாமல் இறைத்து வைத்துக் காட்டியபோது அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது. தேர்ந்தவரின் நினைவாற்றல் பெரிதாக இல்லை. ஐந்தாறு காய்களை ஒரே உருவாகப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. உளவியலில் இதைத் தொகுத்துப் பார்ப்பது என்கிறார்கள்.

குவாட்டர்பேக்கும் அப்படித்தான். எதிரணியின் பின்வரிசையில் கடைசிக் காவலாக நிற்கும் இரண்டு சேஃப்டிகளும் ஆழமாக நின்றால் ஒரு உரு, ஒருவர் மட்டும் நடுவில் நின்றால் இன்னொரு உரு. பந்து நகர்ந்ததும் இருவரில் ஒருவர் சட்டென்று முன்னால் இறங்கினால் முதலில் பார்த்தது நாடகம் என்று அர்த்தம். இந்த ஒரு ஆளின் ஒரு அசைவிலிருந்து, ஐந்து பேரில் யார் விடுபடுவார் என்பது பழகிய மூளைக்குக் கணக்குப் போடாமலே கிடைத்துவிடும். பழகாத மூளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போகும். அதற்குள் பின்னாலிருந்து 120 கிலோ எடையுள்ள ஒருவர் வந்து சேர்ந்துவிடுவார்.

இப்போது ரசிகர்களின் சண்டைக்குத் திரும்பலாம். இந்த உருக்களை வில்லியம்ஸ் எந்த மொழியில் சேமித்து வைத்திருக்கிறார்? பயிற்சியாளரின் மொழியில். 'இந்தத் திட்டத்தைச் சொன்னால், அந்தச் சேஃப்டியைப் பார், அவன் இறங்கினால் இரண்டாவது ஆள்' என்ற இணைப்பு முழுவதும் ஒரு குறிப்பிட்ட பயிற்சியாளரின் குறிச்சொல்லோடும், காலடி எண்ணிக்கையோடும், ஆட்களின் ஓட்டத்தோடும் பின்னிக் கிடக்கிறது. எந்தக் காலடியில் எந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்பது வரை உடம்பில் ஏறியிருக்கும். பயிற்சியாளர் மாறும்போது வலது கையின் வலிமை மாறாது. இந்த இணைப்புகள் மாறும். ஒரே உருவுக்குப் புதிய பெயர், ஒரே பெயருக்குப் புதிய ஓட்டம். தானாக வந்துகொண்டிருந்தது மறுபடி யோசித்துச் செய்ய வேண்டியதாகிறது. யோசித்துச் செய்வதற்குத்தான் அங்கே நேரம் இல்லை.

பத்து வருடம் ஆடியவருக்கு இது பெரிய சேதம் இல்லை. அவரிடம் உருக்கள் ஏராளமாகச் சேர்ந்திருக்கும், பெயர்ப்பலகை மட்டும் மாற்றினால் போதும். முதல் ஆண்டுக்காரரிடம் உருவும் அரைகுறை, பெயரும் அரைகுறை.

சிகாகோவில் இது திரும்பத் திரும்ப நடப்பதுதான் என்னை உறுத்துகிறது. 2017-இல் டிராஃப்டின் இரண்டாவது ஆளாக மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்தார்கள். அவருடைய முதல் பருவம் முடிந்த கையோடு தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஃபாக்ஸ் நீக்கப்பட்டார். 2021-இல் 11-ஆவது ஆளாக ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் வந்தார். அந்தப் பருவம் முடிந்ததும் மேட் நேகி போனார். 2024-இல் வில்லியம்ஸ் வந்தார், பருவம் முடியும் வரைகூடக் காத்திருக்கவில்லை. மூன்று இளைஞர்கள், மூவரும் முதல் வருடத்துப் பாடத்தை இரண்டாவது வருடம் வேறு ஆசிரியரிடம் புதிதாகத் தொடங்க வேண்டி வந்தது. பயிற்சியாளர் மீது நம்பிக்கை இல்லையென்றால் பையனை எடுப்பதற்கு முன்னால் மாற்றியிருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் ரசிகர்களின் எந்தக் கட்சியிலும் இல்லை. என் குறை, வரிசையைத் தலைகீழாக வைத்த நிர்வாகத்தின் மேல்தான்.

சரி, பையன் பக்கம் தவறே இல்லையா? 2024 பருவத்தில் வில்லியம்ஸ் 68 முறை சாய்க்கப்பட்டார். அந்த ஆண்டு லீக்கில் அதுதான் அதிகம். வரலாற்றிலேயே இதைவிட மோசமான பருவங்கள் இரண்டுதான்: 2002-இல் ஹூஸ்டனின் டேவிட் கார் 76 முறை, 1986-இல் பிலடெல்பியாவின் ராண்டல் கன்னிங்ஹாம் 72 முறை. பார்க்கிறவர்கள் அவரைக் காக்கும் முன்வரிசையைத்தான் திட்டுவார்கள். ஆனால் சாய்க்கப்படும் விகிதத்தில் குவாட்டர்பேக்கின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது என்பது இந்த ஆட்டத்தின் புள்ளிவிவரக்காரர்கள் பலரும் ஏற்றுக்கொண்ட ஒன்று. அணி மாறினாலும் அந்த விகிதம் பெரும்பாலும் ஆளோடேயே போகிறது. கல்லூரியில் வில்லியம்ஸின் பெயரே பந்தை வைத்துக்கொண்டு ஓடிச் சுற்றி ஏதாவது அதிசயம் செய்வதால் வந்ததுதான். அந்தப் பழக்கம் தொழில்முறை ஆட்டத்தில் விலை கேட்கும்.

அதே வில்லியம்ஸ் அதே பருவத்தில் தொடர்ந்து 353 எறிதல்களில் ஒன்றைக்கூட எதிரணிக்குப் பறிகொடுக்கவில்லை. முதல் ஆண்டுக்காரர் யாரும் அதுவரை செய்யாதது. இரண்டு எண்களும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம் என்றே நான் படிக்கிறேன். உறுதியாகத் தெரியாதவரை எறிவதில்லை. அதனால் பந்து பறிபோவதில்லை, ஆனால் ஆள் சாய்கிறார்.

பருவ நடுவில் பயிற்சியாளரை மாற்றினால் அணி தேறும் என்ற நம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. கண்ணால் பார்த்தால் பெரும்பாலும் தேறத்தான் செய்கிறது. இதில் ஒளிந்திருப்பது சராசரிக்குத் திரும்புதல் என்ற விதி. பயிற்சியாளரை எப்போது நீக்குகிறார்கள்? அணி தன் வழக்கமான தரத்தைவிட மிக மோசமாக, அதிர்ஷ்டமும் கைவிட்டுக் கிடக்கும் நேரத்தில். அப்படிப்பட்ட பள்ளத்துக்குப் பிறகு, யாரையும் மாற்றாவிட்டாலும், அடுத்த சில ஆட்டங்கள் சற்று மேலாகவே இருக்கும். அந்த ஏற்றத்தைப் புதியவர் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அதே அளவு பள்ளத்தில் விழுந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நெதர்லாந்தின் கால்பந்து (சாக்கர்) லீக்கில் பல ஆண்டுத் தரவுகளை வைத்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் இதைச் செய்தார். நீக்கிய அணியும் தேறியது, நீக்காத அணியும் ஏறக்குறைய அதே வேகத்தில் தேறியது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆட்லர், பெர்ரி, டோஹர்ட்டி மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மிக மோசமான அணிகளுக்கு மாற்றத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. நடுத்தர அணிகளோ மாற்றியபின், மாற்றாத தங்கள் சக அணிகளைவிட மோசமாக ஆடின.

சிகாகோவிலேயே இதன் நிழல் தெரிந்தது. வால்ட்ரனுக்குப் பதிலாகத் தாமஸ் பிரவுன் ஒவ்வொரு மோதலுக்கும் திட்டம் சொன்ன முதல் மூன்று வாரம் வில்லியம்ஸ் பளிச்சென்று ஆடினார். பிரச்சினை தீர்ந்தது என்று பலர் எழுதினார்கள். வால்ட்ரனும் பிரவுனும் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியில் ஷான் மெக்வேயிடம் வேலை பார்த்தவர்கள். ஆகவே மொழி முழுக்க மாறியிருக்க வாய்ப்பில்லை, அது உதவியிருக்கலாம். பிறகு பிரவுனே தற்காலிகத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அடுத்த ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவிடம் 13-38 என்று தோற்றார்கள். மூன்று ஆட்டம் எதற்கும் சான்று ஆகாது. பருவம் முழுவதுமே 17 ஆட்டம்தான். அந்த நவம்பர் மாதத்தில் மட்டும் கிரீன் பேயிடம் ஒரே ஒரு புள்ளியில், மினசோட்டாவிடம் கூடுதல் நேரத்தில், டெட்ராய்ட்டிடம் மூன்று புள்ளியில் தோற்றிருந்தார்கள். இவற்றில் இரண்டு திரும்பியிருந்தால் எபர்ஃப்ளூஸ் அந்த வெள்ளிக்கிழமை வேலையில் இருந்திருக்கவும் கூடும்.

2025 ஜனவரியில் டெட்ராய்ட்டின் தாக்குதல் ஆட்டத்தை வகுத்துவந்த பென் ஜான்சன் சிகாகோவின் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அந்தப் பருவம் 11 வெற்றி, 6 தோல்வி, பிரிவில் முதலிடம். வில்லியம்ஸ் சாய்க்கப்பட்டது 68-லிருந்து 24-ஆக இறங்கியது. முதல் கட்சி வெற்றிக் கூச்சல் போட்டது. எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் சண்டை முடிந்ததாகச் சொல்ல மாட்டேன். ஜான்சன் வந்த அதே ஆண்டில் ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் என்று முன்வரிசையின் நடுப்பகுதி மூன்று பேரும் புதிதாக வந்தார்கள். வில்லியம்ஸுக்கு இரண்டாவது வருடம், உருக்களின் எண்ணிக்கை தானாகவே கூடும் வருடம். மூன்று காரணம் ஒரே நேரத்தில் மாறியிருக்கும்போது எதனால் எவ்வளவு என்று ஒரு பருவத்து எண்களைக் கொண்டு பிரிக்க எந்தக் கணக்காலும் முடியாது.

இனி வரும் பருவத்தில் வெற்றி தோல்வியை விட்டுவிட்டு ஒன்றைப் பாருங்கள் என்பேன். நெருக்கமான ஆட்டங்களின் முடிவு ஆண்டுக்கு ஆண்டு ஊசலாடும், அதிலிருந்து பெரிதாக எதுவும் படிக்க முடியாது. பந்து அவர் கையில் இருக்கும் நேரம் அப்படி ஊசலாடுவதில்லை. ஜான்சனின் மொழியை இரண்டாவது வருடமும் அதே ஆளிடம் கேட்கும் வில்லியம்ஸ், பின்காலை ஊன்றிய உடனே, ஓடுகிறவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விடுகிறாரா என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் முப்பது தடவையாவது தெரியும்.