டேலைட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

பகலில் விளக்குப் போடாமலே படிக்கவும் வேலை பார்க்கவும் போதிய வெளிச்சம் கட்டடத்துக்குள் வரவேண்டும். கண்கூச்சமும் வெக்கையும் கூடவே வந்துவிடக் கூடாது. இதற்கேற்பச் சுவரையும் கூரையையும் திறப்புகளையும் வடிவமைக்கும் கலையைக் கட்டடக் கலைஞர்கள் 'டேலைட்டிங்' என்கிறார்கள். பெரிய ஜன்னல் வைத்தால் மட்டும் அது ஆகிவிடாது. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்துவிட்டு, வெயில் தாங்காமல் திரையை இழுத்து மூடி, நாள் முழுக்க டியூப்லைட் எரிக்கும் அலுவலகங்கள் நம் நகரங்களில் ஏராளம்.

'டேலைட்' என்றால் பகல் வெளிச்சம். அதை வினையாக்கி, பிறகு தொழிற்பெயராக்கியதுதான் இந்தச் சொல். ஜன்னலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'விண்டோ'வில் ஒளியே கிடையாது. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்சு மொழியில் 'காற்றின் கண்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. தமிழிலும் இதே கதைதான். சிலப்பதிகாரம் 'மான்கட் காலதர் மாளிகை' என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆக, காலதர் காற்று வரும் வழி. மானின் கண் வடிவில் அமைந்தது. 'ஜன்னல்' போர்ச்சுகீசியரின் 'ஜனேலா'. அதன் இலத்தீன் வேர் வாசலைக் குறிப்பது. புழுக்கமான நம் நாட்டில் சுவர்த் திறப்பு முதலில் காற்றுக்குத்தான். வெளிச்சத்துக்கு முற்றம் இருந்தது, ஓட்டுக் கூரையின் நடுவே பதித்த கண்ணாடி ஓடு இருந்தது.

பெயர் புதிது என்றாலும் வேலை மிகப் பழையது. எகிப்தின் கர்னாக் கோயில் தூண் மண்டபத்தில் நடுவரிசைத் தூண்களை மட்டும் உயர்த்தி, கூரைகளின் உயர வேறுபாட்டில் கல் சல்லடைகள் வைத்து மேலிருந்து வெளிச்சம் இறக்கினார்கள். 1935இல் பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ கட்டிய வீப்புரி நூலகம் (அந்நகரம் இன்று ரஷ்யாவில் உள்ள விபோர்க்) இன்னும் நுட்பமானது. படிப்பறைக் கூரையில் 1.8 மீட்டர் விட்டமுள்ள 57 வட்டத் திறப்புகள். ஒவ்வொன்றும் ஆழமான கூம்பு என்பதால், அந்த வடகோடி ஊரில் தாழ்வாகவே நகரும் சூரியனின் நேர்க்கதிர் உள்ளே விழாது. கூம்பின் சுவரில் பட்டுச் சிதறிய ஒளி மட்டுமே புத்தகத்தின் மீது இறங்கும்.

தமிழ்ச் சொல்லைத் தேடும்போது மறக்கக் கூடாதது இதுதான். இத்துறையினர் நேர்வெயிலையும் வானம் சிதறித் தரும் ஒளியையும் பிரித்தே பார்ப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் நாடுவது பின்னதை. அறைக்குள் ஓரிடத்தில் கிடைக்கும் வெளிச்சம், திறந்தவெளியில் வானம் தரும் வெளிச்சத்தில் எத்தனை விழுக்காடு என்ற கணக்கிலும் நேர்வெயிலைச் சேர்ப்பதில்லை. இந்தியத் தரநெறி வானத்தின் வெளிச்சத்தை 8,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்கிறது. ஒரு விழுக்காடு என்றால் 80 லக்ஸ். ஆகவே 'சூரிய ஒளியூட்டல்' என்பது பொருந்தாது. கேட்பவர் கூரைமேல் சோலார் தகடுகளைத்தான் நினைப்பார். 'இயற்கை ஒளியூட்டல்' பிழையில்லை. ஆனால் 'ஊட்டல்' என்பதில் வெளிச்சத்தைக் கொடுப்பது மட்டும் இருக்கிறது, தடுப்பதும் திருப்பிவிடுவதும் இல்லை. நம் வெயிலில் பாதி வேலை தடுப்பதுதான்.

என் தேர்வு 'பகலொளியாள்கை'. 'பகலொளி' வெயிலையும் வானொளியையும் சேர்த்தே குறிக்கும். 'ஆள்கை' வரவேற்பதையும் விலக்குவதையும் அடக்கும். நீளமாகத் தோன்றினால் பேச்சில் 'பகலொளி அமைப்பு' என்றாலும் புரியும். மேலே சொன்ன விழுக்காட்டுக் கணக்கைப் 'பகலொளி விகிதம்' எனலாம். கர்னாக்கில் பார்த்தது 'மேற்சாளரம்'. ஜன்னலின் மேற்பகுதியில் கிடையாகப் பொருத்தி, ஒளியை உட்கூரைக்கு எறியும் பலகை 'ஒளித்தட்டு'. கொத்தனாரும் மேஸ்திரியும் சொல்லும் சன்ஷேடு, ஓ.டி.எஸ். ஆகியவற்றை மாற்றச் சொல்லி யாரும் மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் வானம் பார்த்த திறப்பைக் குறிக்கும் ஓ.டி.எஸ்.ஸுக்கு 'முற்றம்' என்ற சொல் கையிலேயே இருக்கிறது.

'வடக்கு வெளிச்சம்' என்ற தொடரை மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கிலேயே நிற்கும் இங்கிலாந்தில், ரம்பப் பல் போல மடிந்து மடிந்து செல்லும் கூரையின் வடக்குக் கண்ணாடி வழியே கூசாத வெளிச்சம் வரும். சென்னையில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் உச்சிக்குச் சுமார் 10 பாகை வடக்கே நிற்கிறது. அங்கே வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும்.

ஆங்கிலத்தில் இதே சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு: மண்ணுக்கடியில் மூடப்பட்ட ஓடையை மறுபடி வெளிக்கொணர்வது. சியோல் நகரில் சாலைக்கு அடியில் கிடந்த சோங்கேசோன் ஓடையை 2005இல் திறந்தது அவ்வகை. அதை 'ஓடைத் திறப்பு' என்று மொழிபெயர்த்தால் போதும். பகலையும் ஒளியையும் அதற்குள் இழுக்கத் தேவையில்லை.